போகாத வாசனை

என் மூக்கு எப்போது கெட்டுப்போனது என்று எனக்குத் தெரியாது. கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்துகொண்ட நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன சித்திரையில் ஒரு புதன்கிழமை. அன்றைக்கு ராஜபாளையத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்கு அழைப்புகூட இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தைக் கெடுத்தவன் நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தங்கப்பாண்டியன். இருபத்தெட்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எட்டு வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊரான கான்சாபுரத்துக்கு வந்தவன். வேலையில் இருந்தபோது பஸ் சீட்டுக்கு அடியில், லாரிப் படுதாவுக்குள், பெட்டிக்கடைப் பலகைக்குப் பின்னால் என்று தடை செய்த போயிலைப் பாக்கெட்டுகளைத் தேடித் தேடிப் பிடித்தவன். பையைத் திறக்கச் சொல்லமாட்டேன். பக்கத்தில் போய் நின்றாலே போதும். அப்படிப்பட்டவன் ஊருக்கு வந்து ஒன்றரை ஏக்கரில் போயிலை போட்டேன். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். நான் போட்டது செடி, பாக்கெட் இல்லை.

போயிலை என்று நான் சொல்வது புகையிலையைத்தான். எங்கள் பக்கம் யாரும் அந்த நாலெழுத்தையும் சொல்லிக் கஷ்டப்படுவதில்லை.

ஏன் போயிலை என்று கேட்பவர்களை என் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்வேன். ஊரில் அத்தனை பேர் கிணறும் இளநீராக இருக்க, என் கிணறு மட்டும் உப்பு. தக்காளி போட்டேன், கோலிக்குண்டு அளவுக்குக் காய்த்தது. பருத்தி போட்டேன், இலை விளிம்பெல்லாம் கருகியது. போயிலை ஒன்றுதான் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு இடுப்பளவு நின்றது. உப்புத் தண்ணீர் பாய்ந்தால் இலையில் காரம் ஏறும் என்று திண்டுக்கல் பக்கத்து வியாபாரி சொன்னார். ஐப்பசியில் நட்டு, மாசியில் வெட்டி, வெயிலில் வாட்டி, அடுக்கி, நாள் தவறாமல் புரட்டிப் பதப்படுத்தி, அதாவது பாடம் போட்டு முடிக்கிற வரைக்கும் ஊரில் பதினெட்டுப் பெண்களுக்கு வேலை. மற்ற நிலங்களில் வேலை ஓய்ந்துபோகிற மாதங்கள் அவை. என் மகள் சத்யப்பிரியா கிருஷ்ணன்கோவிலில் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தது என் பென்ஷனில் இல்லை, அந்த இலையில்.

யாரும் போயிலை மெல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி. நான் வாயில் வைத்ததே இல்லை. "இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கிட்டு எப்படிப்பா தூங்குதீங்க?" என்று சத்யப்பிரியா கேட்டிருக்கிறாள். படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது, அதற்கு நான் என்ன செய்ய.

ஒரு பொருளை வீணாக்கினால் எனக்கு ஆகாது. இலை லாரியில் போய்விடும். பாடம் போட்ட இடத்தில் சேருகிற தூசியை ராஜபாளையத்து மாந்தோப்புக்காரர்கள் சாக்குச் சாக்காக வாங்கிப்போவார்கள். ஊறவைத்து வடிகட்டிப் பூக்கிற சமயத்தில் தெளித்தால் தத்துப்பூச்சி அண்டாது. உடைந்த இலையும் வேரும் உழவோடு மண்ணுக்குள் போய்விடும். தண்டு ஒன்றைத்தான் யாரும் சீண்டமாட்டார்கள். இலையை உருவிய பிறகு அது களத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும். ஆடு திங்காது, மாடு திங்காது. வருஷா வருஷம் வரப்போரமாகப் போட்டுக் கொளுத்துவோம். கொளுத்துகிற அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவி வெங்கடேஸ்வரிக்கு ஒரே ஒரு தம்பி, முத்துக்குமரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பால்கோவா கடை வைத்திருக்கிறான். கடை சின்னது, பெயர் பெரியது. கேஸ் அடுப்பைத் தொடமாட்டான். விறகு அடுப்பில், இரும்புச் சட்டியில், சொந்த மாட்டுப் பாலைக் கிண்டித்தான் இறக்குவான். போன பங்குனியில் வீட்டுக்கு வந்தவன், விறகு விற்கிற விலையைச் சொல்லிப் புலம்பினான். எனக்குப் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. களத்தில் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிற தண்டைக் காட்டினேன்.

"வாசன வராதா அத்தான்?" என்று கேட்டான்.

நான் ஒரு தண்டை ஒடித்து மூக்கருகில் வைத்து நன்றாக இழுத்தேன். "ஒரு வாசனையும் இல்ல மாப்ளே. இருபத்தெட்டு வருஷம் போயிலை மோந்த மூக்கு சொல்லுது."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுவாரமே ஒரு குட்டியானை வண்டி நிறைய ஏற்றி அனுப்பினேன். ஒரு பைசா வாங்கவில்லை. நம்மால் ஒரு குடும்பத்துக்கு உபகாரம் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தண்டை அவன் முதல்முதலாக அடுப்பில் வைத்தது ராஜபாளையத்துக் கிரகப்பிரவேச ஆர்டருக்கு. இருபது கிலோ. முந்தின நாள் அதைக் கிண்டும்போது அவன் மதுரைக்குப் போயிருந்தான். சட்டி முன்னால் நின்றது பரிபூரணம். பன்னிரண்டு வருஷமாக அவனிடம் பால் கிண்டுகிறவள், கை சுத்தம், பதம் சுத்தம். ஒரே ஒரு பழக்கம், வெற்றிலையோடு போயிலை இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. தண்டு புகைந்து, அந்தப் புகை சட்டி மேல் கவிந்து, பால் சுண்டச் சுண்ட அதிலேயே இறங்கியிருக்கிறது. அவள் மூக்குக்கு அது தன் வாய் வாசனையாகவே பட்டிருக்கிறது. பெட்டி போட்டு, நூல் கட்டி, மறுநாள் காலை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

பத்து மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. மதுரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த முத்துக்குமரன்தான் எடுத்தான். பேசியது அந்தக் கிரகப்பிரவேச வீட்டுப் பெரியம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அவசரத்தில் இரண்டும் கலந்துதான் வரும்.

"தம்பி, மீ பால்கோவால பொகாகு வாசன."

தெலுங்கில் பொகாகு என்றால் புகையிலை. இது முத்துக்குமரனுக்குத் தெரியாது. அவன் காதில் விழுந்தது 'போகாத வாசன'. சாப்பிட்ட பிறகும் கையை விட்டுப் போகாத வாசனை என்று அந்த அம்மா மனசு குளிர்ந்து சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"ரொம்ப சந்தோஷம்மா. நம்ம கடைச் சரக்கு எப்பவுமே அப்படித்தான். நாலு நாளானாலும் போகாது."

"எப்பவுமேவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டார்கள். இவன் அந்தச் சந்தோஷத்தில் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு சும்மா கொடுத்திருக்கிறான். நல்லவேளை, அது தண்டு வைப்பதற்கு முன்னால் கிண்டிய சரக்கு.

முக்கால் மணி நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. பெரியம்மாவே பட்டுப்புடவையோடு இறங்கி ஒரு பெட்டியைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். "எங்க வீட்டு நாய்க்கு ஒரு துண்டு போட்டோம் தம்பி. மோந்து பாத்துட்டு மூணு தும்மல் போட்டுச்சு" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று முத்துக்குமரன் பிற்பாடு சொன்னான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. பக்கத்துக் கடையில், பரம்பரையாகத் தனக்குப் போட்டியான கடையில், வரிசையில் நின்று இருபது கிலோ வாங்கினான். அதைத் தன் பெட்டியில் மாற்றவில்லை. அவர்கள் பெயர் போட்ட பெட்டியோடேயே பந்திக்கு முன்னால் ராஜபாளையம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் அதே குட்டியானை என் வீட்டு வாசலில் வந்து நின்றது. மிச்சத் தண்டு அத்தனையும் அதில் இருந்தது. டிரைவர் இறக்கிப் போட்டுவிட்டு ஒரு பால்கோவா பெட்டியை என் கையில் கொடுத்தார். "இத உங்கள மோந்து பாக்கச் சொன்னாரு" என்றார்.

உள்ளே கொண்டுபோய்த் திறந்து மோந்து பார்த்தேன். பால், சர்க்கரை. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இதற்கு ஏன் இவன் இவ்வளவு கூத்தடிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படியிலிருந்து வெங்கடேஸ்வரியின் குரல் வந்தது.

"போயிலைக் கட்ட வீட்டுக்குள்ள கொண்டு வராதீயன்னு எத்தன மட்டம் சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷம் அதிலேயே கிடந்து கிடந்து என் மூக்குக்குப் போயிலை வாசனை என்பது காற்று மாதிரி ஆகிவிட்டது. ஊரே மெச்சிய மூக்கு, ஒரு குட்டியானை நிறைய வந்தபோது சும்மா இருந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். "கேட்டுத்தானே வாங்கிட்டுப் போனான்? நானா அடுப்புல வச்சேன்?" என்று சத்தம் போட்டேன். அது தெருமுனை வரைக்கும் கேட்டது. அதைக் கேட்ட யாரோ அவனிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு முத்துக்குமரன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனும் இல்லை.

இது நடந்தது சித்திரையில். வைகாசி இருபத்தேழாம் தேதி சத்யப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ராஜபாளையம். எங்களில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணவறை ஏற வேண்டும். தாய்மாமன் இல்லாதவர்கள் முறைக்கு ஒருவரைப் பிடித்து நிறுத்துவார்கள். இருக்கிற தாய்மாமன் வராமல் ஒரு கல்யாணம் நடந்தால் அதை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

வெங்கடேஸ்வரி அழவில்லை. பத்திரிகை மாதிரியை என் முன்னால் வைத்தாள். "எந்தம்பி பேரு இதுல இருக்கு. அவன் வாரேன்னு சொல்லாம இத அச்சுக்குக் குடுக்கக் கூடாது. நீங்க போய்த் தட்டு வச்சுக் கூப்பிடணும். நான் வரமாட்டேன்" என்றாள். சத்யப்பிரியா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. சின்ன வயசில் அவளைச் சைக்கிள் ஓட்டப் பழக்கியதே முத்துக்குமரன்தான். அப்போது எனக்கு எங்கேயோ பந்தோபஸ்து.

இருபத்தெட்டு வருஷ வேலையில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. பைக்கில் போகும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொல்லச் சொல்ல எஃப்.ஐ.ஆர். வாசிக்கிற மாதிரியே வந்தது.

வெங்கடேஸ்வரி தட்டை மஞ்சள் துணியில் கட்டிக் கொடுத்திருந்தாள். தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு. அவர்கள் வீட்டு வழக்கப்படி ஒரு துண்டு போயிலையும் இருந்தது. அது இல்லாவிட்டால் தட்டு குறைத் தட்டு என்பார்கள். கிருஷ்ணன்கோவில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியபோது எனக்குத் திக்கென்றது. எதை வைத்து அவன் மானத்தை வாங்கினேனோ அதையே தட்டில் வைத்து நீட்டினால் என்ன நினைப்பான்? போயிலைத் துண்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் அவன் இல்லை. மல்லி ஊருக்குப் போகிற ரோட்டில் இருக்கிற அவன் மாட்டுத் தொழுவத்துக்குப் போகச் சொன்னார்கள். பொழுது சாயப்போகிற நேரம். கோடை மழை பெய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஈயும் கொசுவும் மொய்த்துக்கொண்டிருந்தன. எட்டு மாடும் காலைத் தூக்கி உதறுவதும் வாலைச் சுழற்றுவதுமாக நின்றன. முத்துக்குமரன் வேப்பிலையைப் போட்டுப் புகை மூட்டிக்கொண்டிருந்தான். அது அணைந்து அணைந்து போனது. பால் கறக்க உட்கார்ந்திருந்த பரிபூரணம் ஒரு உதை வாங்கிக்கொண்டு எழுந்தாள். வாளி உருண்டு போனது.

என்னைப் பார்த்ததும் முத்துக்குமரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வாங்க அத்தான்" என்றான். மரியாதைக்குக் குறைவில்லை. சிரிப்பு இல்லை.

"மாடு நிக்க மாட்டேங்கு போல" என்றேன்.

"நிக்கலை."

"பால் குறையுதோ?"

"பாதிதான் கிடைக்கு."

பரிபூரணம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு அக்கா" என்று முத்துக்குமரன் தடுத்தான். மறுபடியும் மூன்று பேரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சரி, வந்த வேலையையாவது பார்ப்போம் என்று கிணற்றடியில் மஞ்சள் துணியை விரித்துத் தட்டை அவன் முன்னால் நீட்டினேன். "வைகாசி இருவத்தேழு கல்யாணம். நீ வந்து மாலை போடணும் மாப்ளே. நீ வாரேன்னாத்தான் பத்திரிகை அச்சுக்குப் போகும்னு உங்கக்கா சொல்லிட்டா. என் மேல உள்ளத பிள்ளை மேல காட்டாத. தப்பு என்னுது. என் மூக்கு போச்சு, எனக்கே தெரியல" என்றேன். பழகி வந்தது ஒன்றும் வரவில்லை. இதுதான் வந்தது. குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

அவன் தட்டை வாங்கவில்லை. உற்றுப் பார்த்தான்.

"போயிலை எங்க அத்தான்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். அப்படியே திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். "நீ தப்பா நெனப்பேன்னு எடுத்து வச்சுக்கிட்டேன்" என்றேன்.

"இதச் சொல்லல." அவன் என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தண்டு. கொளுத்திட்டீயளா, கெடக்கா?"

"கெடக்கு. எதுக்குலே?"

அதற்கு மேல் பரிபூரணத்தால் வாயை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்குத் திருப்பி அனுப்ப வண்டியில ஏத்தயில ஒரு கட்டு நழுவித் தொழுவுல விழுந்து கெடந்துச்சு. போன வாரம் நான் அதப் போட்டு மூட்டம் போட்டேன். ஒரு கொசு இல்ல. எட்டு மாடும் படுத்து அசபோட்டுச்சு. மூணு நாள் வந்துச்சு அந்தக் கட்டு. மூணு நாளும் பால் கொறையல. தீந்த அன்னையிலருந்து இந்தக் கூத்துதான். ஒரு வார்த்த கேளுங்கன்னா, திருப்பி அனுப்புனதப் போயி எப்படிக் கேக்கன்னு இவிய கவுரவம் பாக்காவ."

"பால்ல வாசன ஏறாதா?" என்று கேட்டேன். இந்தத் தடவை கேள்வி கேட்டது நான்.

"மூட்டம் போட்டு, பொக அடங்குன பொறவுதான் வாளியக் கொண்டு வாரது" என்றான் முத்துக்குமரன். "எம் பொண்டாட்டி ஒவ்வொரு கேனையும் மோந்து பாத்துட்டுத்தான் கடைக்கு அனுப்புவா. உங்க மூக்கையும் நம்பல, இந்த அக்கா மூக்கையும் நம்பல."

முதலில் சிரித்தது பரிபூரணம்தான். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. இவன் தண்டு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு பக்கம், நான் மன்னிப்புக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு பக்கம், நடுவில் எட்டு மாடு கொசுக்கடி பட்டிருக்கின்றன. முத்துக்குமரன் தட்டை இரண்டு கையாலும் வாங்கினான். வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். போயிலைத் துண்டைப் பரிபூரணத்திடம் கொடுத்தான்.

"அக்காட்ட சொல்லுங்க, பத்திரிகைய அச்சுக்குக் குடுக்கட்டும்னு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் போன் பண்ணிவிட்டேன். வெங்கடேஸ்வரி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் விடியும்போதே குட்டியானையில் தண்டு தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தது. களத்தில் மிச்சம் இருந்ததை நான் கொளுத்தவில்லை. இந்த வருஷம் என்று இல்லை, இனிமேல் எந்த வருஷமும் என் தண்டு முழுவதும் அந்தத் தொழுவத்துக்குத்தான். அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களும் கேட்கிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எட்டு வருஷம் சீண்டாதவர்கள் இப்போது கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கல்யாணம் ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தில். முத்துக்குமரன் இருபத்தோரு தட்டுச் சீரோடு வந்தான். பன்னிரண்டு கிலோ பால்கோவாவும் வந்தது. வெங்கடேஸ்வரி யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு எனக்குத் தலையை ஆட்டினாள். நல்ல பால்கோவா.

மாலை போடுகிற நேரம் வந்தது. முத்துக்குமரன் புது வேட்டி சட்டையில் ரோஜாமாலையை எடுத்துச் சத்யப்பிரியாவின் கழுத்தில் போட்டான். அவள் குனிந்தவள் நிமிராமல் அவன் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன தாயி?" என்றான் அவன்.

"மாமா மேல அப்பா வாசன அடிக்கு."

வெங்கடேஸ்வரி கிட்டே வந்து தம்பியின் சட்டையை மோந்து பார்த்தாள். "ஆமா" என்றாள். நானும் போய்ப் பார்த்தேன். என் மூக்குக்குச் சந்தனமும் ரோஜாவும்தான் எட்டின. எட்டு வருஷமாகச் சத்யப்பிரியா காலேஜ் விட்டு, வேலை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாளே, என் மேல் இப்படி ஒரு வாசனை அடிக்கிறது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. முகம் சுளித்ததும் இல்லை. அதை நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, யார் பார்த்தால் என்ன.

முத்துக்குமரன் கூச்சத்தோடு சட்டைக் கையை முகர்ந்துகொண்டான். "விடியக்காலம் தொழுவுல மூட்டம் போட்டுட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன் தாயி. எம்புட்டு சோப்புப் போட்டாலும் போக மாட்டேங்கு."

"போக வேண்டாம் மாமா, இருக்கட்டும்" என்றாள், அன்று சாயங்காலம் எங்களை விட்டுப் போகவிருந்த என் மகள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடந்தாள்.